மருந்தியலில் பிஎச்.டி.: 6 ஆண்டுக் கணக்கும் எலிக்கான அனுமதியும்

மருந்தியலில் பிஎச்.டி. சேர எம்.பார்ம் போன்ற முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. சேர்ந்த நாளிலிருந்தே காலக்கணக்கு ஓடத் தொடங்கிவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு தரலாம். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காகப் பெண்கள் மொத்தம் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். இதைக் கேட்கத் தயங்க வேண்டாம், விதியிலேயே இருக்கிறது.

முதலில் கோர்ஸ் ஒர்க், அதாவது ஆய்வுக்கு முன் படிக்க வேண்டிய பாடங்கள். குறைந்தது 12 கிரெடிட், அதில் ஆய்வு நெறிமுறைப் பாடமும் அடக்கம். இதிலும் 55 சதவீதம் எடுத்தால்தான் ஆய்வைத் தொடர முடியும். அப்புறம் ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் நின்று, செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

மருந்தியல் மாணவர்களுக்குக் காலம் கரைவது பெரும்பாலும் அனுமதியில்தான். எலியோ முயலோ, எந்த விலங்கைத் தொடுவதற்கும் முன்பு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். நாய், குரங்கு போன்ற பெரிய விலங்கு என்றால் கோப்பு டெல்லியில் உள்ள மத்தியக் குழு வரை போகும். எத்தனை விலங்கு, ஏன் அத்தனை, வலியை எப்படிக் குறைப்பீர்கள் என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும். ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்து எலிகளுக்குச் சர்க்கரை நோய் வரவழைக்கும் ஆய்வில் சில எலிகள் இறந்துபோவது வழக்கம். அதைக் கணக்கில் சேர்க்காமல் எண்ணிக்கை கேட்டால், நடுவில் மறுபடி குழு கூடும் வரை காத்திருக்க வேண்டிவரும். வேலையை முடித்துவிட்டு அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே கோர்ஸ் ஒர்க் நடக்கும்போதே விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள். நோயாளிகளிடம் மருந்துச் சோதனை செய்வதாக இருந்தால் மனித நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே மருந்துச் சோதனைகளுக்கான தேசியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவும் முடிந்திருக்க வேண்டும்.

ஆய்வேடு தயாரானதும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் ஒரு முன்வைப்பு, பிறகு எழுத்துத் திருட்டுச் சோதனை. பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை என்றால் சிக்கல் இல்லை. 40ஐத் தாண்டினால் ஓராண்டு வரை திருத்திய ஆய்வேட்டைக்கூடத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் படித்து ஒப்புக்கொண்டால் வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டைக் கொடுத்த நாளிலிருந்து இதெல்லாம் 6 மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி.

2016 விதியில் ஆய்விதழ்க் கட்டுரை கட்டாயமாக இருந்தது. 2022இல் அது நீங்கிவிட்டது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் கேட்கலாம், சேரும்போதே பாருங்கள். பட்டம் தருவதற்கு முன் ஆய்வேட்டின் மின்பிரதி, ஆய்வேடுகளை இணையத்தில் சேமிக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்துக்குப் போக வேண்டும். தற்காலிகச் சான்றிதழில் "2022 விதிப்படி வழங்கப்படுகிறது" என்ற வரி இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.