பசையா, ஒட்டும் பொருளா?

அச்சிட்ட கித்தான் (கான்வாஸ்) படத்தை வழவழப்பான பலகையில் ஒட்டும் முறையை நண்பர் ஒருவருக்குத் தமிழில் எழுதித் தர உட்கார்ந்தபோது, ‘அட்ஹெசிவ்’ என்ற சொல்லிலேயே பேனா நின்றுவிட்டது. கலைச்சொல் பட்டியல்கள் ‘ஒட்டும் பொருள்’ என்கின்றன. பிரேம் போடும் கடையில் ‘கம்’ என்கிறார்கள். தச்சரோ எந்த நிறுவனத்தின் வெள்ளைப் பசையானாலும் ‘ஃபெவிகால்’ என்றுதான் கேட்டு வாங்குகிறார். 1959இல் சந்தைக்கு வந்த ஒரு வணிகப் பெயர் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. ஒன்றுக்கு நான்காக இருக்கின்றன, நான்கும் ஒன்றல்ல என்பதுதான் சிக்கல்.

முதலில் ‘பசை’. இச்சொல் ஒட்டுவதை மட்டும் குறிப்பதன்று. ஈரப்பசை, எண்ணெய்ப்பசை என்னும்போது ஒரு பொருளில் ஊறி நிற்கும் தன்மையையும், ‘பசையுள்ள ஆள்’ என்னும்போது கையிருப்பையும் குறிக்கிறது. பசைதல் என்னும் வினைக்கு அன்பு கொள்ளுதல், நெகிழ்தல் என்ற பொருள்கள் உண்டு. ‘யான்நோக்கப் பசையினள் பைய நகும்’ என்ற குறளில் (1098) வரும் ‘பசையினள்’, தலைவன் பார்த்த பார்வைக்கு நெஞ்சு நெகிழ்ந்தவள். ஆகவே நெகிழ்ச்சியும் ஈரமும் பற்றும் இச்சொல்லில் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. ஒலி ஒத்திருப்பதைக் கண்டு ஆங்கில ‘பேஸ்ட்’ நம் பசையிலிருந்து போனது என்று சொல்வோர் உண்டு; அது பொருந்தாது. ‘பேஸ்ட்’ இலத்தீன் வழியாகக் கிரேக்கத்துக்குச் செல்வது. அங்கே அதன் மூலச்சொல் வாற்கோதுமைக் கூழைக் குறித்தது. கூழிலிருந்து பசை காய்ச்சுவது இரு நாட்டிலும் நடந்த வேலை என்பதைத் தவிர வேறு உறவு இல்லை.

பிசின் என்பது மரம் வடிப்பது: வேப்பம் பிசின், கருவேலம் பிசின். பிசுபிசுப்பு, பிசுக்கு ஆகியவை அதன் சுற்றத்தார். கோந்து, இந்தியில் மரப்பிசினுக்கு வழங்கும் ‘கோந்த்’ என்பதன் தமிழ் உருவம். வச்சிரம், தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் தச்சுப்பசை. வைரத்தையும் இந்திரன் படையையும் குறிக்கும் வடசொல், இறுகினால் விடாத அதன் குணத்தால் இதற்குப் பெயராகியிருக்க வேண்டும். தோலிலும் எலும்பிலும் உள்ள ‘கொலாஜன்’ என்ற புரதத்தின் பெயரும் ‘பசையை உண்டாக்குவது’ என்ற பொருளில் கிரேக்கச் சொல்லிலிருந்து அமைந்ததுதான்.

இந்தப் பழைய சொற்கள் குறிக்கும் பசைகள் யாவும் நீரில் கரைபவை; நீர் வெளியேறினால்தான் இறுகுபவை. வெள்ளைப் பசையும் இந்த வகையில் அவற்றின் பங்காளியே. பாலிவினைல் அசிட்டேட் என்னும் செயற்கைப் பிசின் நீரில் நுண்துகள்களாக மிதப்பதுதான் அது. தஞ்சாவூர் ஓவியத்தைப் பலகைப்படம் என்று சொல்லும் மரபில், பலாப் பலகையின் மேல் புளியங்கொட்டைப் பசையால் துணியை ஒட்டினார்கள். மரமும் நீரை உறிஞ்சும், துணியும் நீரை விடும். ஆதலால் பசை தன் வேலையை முடித்துக்கொண்டு இறுகியது. அந்த முறையை அப்படியே சன்மைக்கா, அக்ரிலிக், அலுமினியத் தகடு போன்றவற்றுக்குக் கொண்டுவந்தால் நீர் போக வழியில்லை. அச்சிட்ட கித்தானின் முகப்பில் மைப்பூச்சும், பல வேளைகளில் அதன்மேல் வார்னிஷும் இருப்பதால் அந்தப் பக்கமும் பாதி அடைபட்டதே.

இதை நான் கற்றது ஒரு சேதத்தில். சன்மைக்கா பதித்த பலகையில் வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவி, இரண்டடிப் படம் ஒன்றை ஒட்டினேன். முதல் நாள் தகடுபோல் படிந்திருந்தது. மூன்றாம் நாள் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம்; விரலால் அழுத்தினால் உள்ளே பசை இன்னும் பால்போலவே நகர்ந்தது. ஓரம் காய்ந்து, நடு காயாமல் சிறைப்பட்டிருந்தது.

கித்தான் என்ற சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆங்கிலக் ‘கான்வாஸ்’ சணல்வகைச் செடியான ‘கன்னபிஸ்’ பெயரிலிருந்து வந்தது; கித்தான், ஆளிச்செடியையும் அதன் நாரால் நெய்த துணியையும் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இன்று அச்சிடப்படுவதோ பெரும்பாலும் பருத்தி அல்லது பாலியெஸ்டர். பருத்தி நீர் பட்டால் அளவு மாறும் என்பதால், சொல்லைவிட நெசவைக் கேட்டறிவதே பசை தெரிவு செய்வோருக்குப் பயன்படும்.

நீரை நம்பாத பசைகளுக்குத்தான் நமக்குப் புதிய பெயர்கள் வேண்டும். இருபுறமும் பூசி, கைக்கு ஒட்டாத அளவு உலரவிட்டு, பிறகு சேர்க்கும் ரப்பர்ப் பசையைத் ‘தொடுபசை’ எனலாம். தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்தித் திருத்த இடம் தராது. அதன் கரைப்பான் சிலவகை மையையும் பூச்சையும் கலைக்கக்கூடும். தாளுரித்து, உருளையால் அழுத்தி ஒட்டும் படலத்தை ‘அழுத்துபசை’ எனலாம்; வழவழப்பான பரப்புக்கு என் தெரிவு இதுவே. சூட்டில் இளகி ஒட்டுவது ‘வெப்பப்பசை’. ஓவியப் பாதுகாப்பாளரான குஸ்டாவ் பெர்கர் உருவாக்கிய ‘பேவா 371’ இவ்வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸில் ஒட்டும், பின்னாளில் வேண்டுமானால் கழற்றவும் முடியும். விலை மதிப்புள்ள ஓவியத்துக்கு அந்தக் கழற்றும் வசதி பிடிப்பைவிடப் பெரிது. கடைச் சுவரில் மாட்டும் அச்சுப்படத்துக்கு அது தேவையற்ற செலவு.

‘ஒட்டும் பொருள்’ தவறன்று. நாடாவையும் படலத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டிய சட்ட, தர நிர்ணய எழுத்தில் அது நிற்கட்டும். பட்டறைக்கு ‘பசை’ போதும், முன்னால் ஓர் அடைமொழி இருந்தால். நண்பருக்கு இறுதியில் எழுதியது இவ்வளவே: ‘பலகையை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவும், கித்தான் துண்டு ஒன்றில் முதலில் சோதிக்கவும், அழுத்துபசைப் படலம் பயன்படுத்தவும், வெள்ளைப் பசைதான் கையில் உண்டென்றால், சன்மைக்காவை விட்டு வெறும் மரப்பலகைக்கு மாறவும்.’