சம்பந்தியம்மாவின் தாய்மாமன்

"அண்ணா, எங்க சம்பந்தியம்மாவோட தாய்மாமன் ஒருத்தர் கொரியா சண்டையில செத்துப்போயிட்டாராம், அவரைப் போர்க்கைதின்னு அரசாங்கம் ஒத்துக்கவே இல்லையாம், ஏதாவது பண்ண முடியுமா?" போன வருடம் பொங்கல் விழாவில், கையில் தட்டோடு ஒரு பெண்மணி கேட்டார். அவர் மகன் கட்டியிருப்பது அமெரிக்கப் பெண்ணை. இங்கே அமெரிக்காவில் சம்பந்தம் செய்துகொண்ட நம் குடும்பங்கள் பலவற்றில், மருமகள் வீட்டுப் பக்கம், கொரியாவுக்கோ ஜெர்மனிக்கோ போய்த் திரும்பாத ஒருவர் படத்தில் தொங்கிக்கொண்டிருப்பார். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

பழைய ராணுவ ஆவணங்களைத் தேடியெடுத்து, குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே தவறைச் செய்துவிட்டு வருகிறார்கள். அந்தச் சம்பந்தியம்மாவும் அப்படித்தான். இரண்டு அங்குலக் கனத்தில் ஒரு கோப்பு கொண்டுவந்தார். தந்தி, இரங்கல் கடிதம், பத்திரிகைத் துணுக்கு, நினைவுக்கல்லின் படம் என்று அத்தனையும் மாமா இறந்ததற்கான சான்று. இறந்ததை யாரும் மறுக்கவில்லையே! எதிரியின் கையில் அவர் ஒரு நாளாவது உயிரோடு இருந்தார் என்பதற்குத்தான் காகிதம் வேண்டும். அதற்கு அந்தக் கோப்பில் ஒரு தாள்கூட இல்லை.

பத்தொன்பது வயதுப் பையன். இரண்டாம் காலாட்படை டிவிஷன். 1950 நவம்பர் 30 அன்று வட கொரியாவில் குனு-ரி பக்கம் சீனப் படை அந்த டிவிஷனைச் சின்னாபின்னமாக்கிய நாளில் காணாமல் போனார். கல்லில் பொறித்திருக்கும் இறந்த தேதி 1953 டிசம்பர் 31. "அன்றைக்கு என்ன நடந்தது?" என்று சம்பந்தியம்மா கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. 1953 ஆகஸ்ட், செப்டம்பரில் கைதிகளைப் பரிமாறிக்கொண்ட பிறகும் திரும்பாதவர்கள், தகவல் இல்லாதவர்கள் விஷயத்தில் 'இறந்ததாகக் கருதலாம்' என்று ராணுவம் கோப்பை மூடியது. 1942-இல் வந்த காணாமல்போனோர் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. நூற்றுக்கணக்கான பேருக்கு அதே டிசம்பர் 31-தான். அது எழுத்தர் மேசையில் பிறந்த தேதி.

சரி, இந்த அங்கீகாரத்தால் என்ன கிடைக்கும்? போர்க்கைதிப் பதக்கம் என்று ஒன்றை 1985-இல் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். 1917 ஏப்ரல் 5-க்குப் பிறகு பிடிபட்ட யாருக்கும் அது பொருந்தும், இறந்தவருக்கும் உண்டு. இத்தனை நாள் சிறையில் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு சட்டத்தில் கிடையாது. 1950 ஆகஸ்டில் தென் கொரியாவின் வேக்வான் பக்கத்துக் குன்று ஒன்றில், பிடித்துக் கையைக் கட்டி, ஓரிரு நாளிலேயே நாற்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களை வட கொரியப் படை சுட்டதே, அந்தச் சிப்பாய்களும் பிடிபட்டவர்கள்தான். 2008 அக்டோபரில் இன்னொரு விதி மாறியது: சிறைப்பட்ட நிலையில் இறந்தவருக்கு, எதிரியால்தான் இறந்தார் என்று எடுத்துக்கொண்டு, பர்ப்பிள் ஹார்ட் பதக்கமும் (எதிரியால் காயம்பட்டவருக்கும் இறந்தவருக்கும் தருவது) தரலாம், 1941 டிசம்பர் 7 வரை பின்னோக்கிப் போய். இது தெரியாமல் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு நிற்கிற குடும்பங்கள் நிறைய.

சம்பந்தியம்மா ஏற்கெனவே போட்டிருந்த முதல் விண்ணப்பத்துக்கு ஒரு அலுவலகத்திலிருந்து வந்த பதில் ஒன்றரை வரி. பணிக்கோப்பு இல்லை, ஆகவே உறுதி செய்ய இயலாது. கோப்பு இல்லை என்பது பொய்யில்லை. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸில் இருக்கும் ஆவண மையத்தின் ஆறாவது மாடி எரிந்தது. 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் போயின. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையை விட்டவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் அதில் அடக்கம். நகல் எடுத்து வைக்கவில்லை, பட்டியல்கூட இல்லை. தப்பியதும் தண்ணீரில் ஊறிப்போய்க் கிடந்தது. பால் பாக்கெட் அடுக்குகிற மாதிரி பிளாஸ்டிக் பெட்டிகளில் நிரப்பி, விமானக் கம்பெனி ஒன்றின் வெற்றிட அறையில் வைத்து உலர்த்தினார்கள். ஓரம் கருகிய அந்தத் தாள்களை இன்றும் கையுறை போட்டுத்தான் தொடுகிறார்கள். ஆனால் 'கோப்பு எரிந்துவிட்டது' என்பது தேடலின் முடிவு இல்லை. அந்த ஒன்றரை வரியைப் படித்துவிட்டு முப்பது வருடம் சும்மா இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும், கோபமாக வரும்.

தீ பிடித்தது தனிநபர் கோப்புக்கு. அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியது வேறு வேறு இடங்களில் பத்திரமாக இருக்கிறது. ராணுவத்தில் கம்பெனி என்றால் ஒரு சிறு படைப்பிரிவு; ஒவ்வொரு கம்பெனியும் தினமும் காலையில் ஆள் கணக்கு எழுதி அனுப்பும், காலை அறிக்கை என்பார்கள். மைக்ரோபிலிமில் ஓட்டிப் பார்த்தால், ராணுவ எண், பெயர், பதவி, பக்கத்தில் நாலைந்து எழுத்துச் சுருக்கம். எண்ணின் முன்னால் ஆர்.ஏ. இருந்தால் தானாகச் சேர்ந்தவர், யு.எஸ். என்றால் கட்டாயத்தில் எடுக்கப்பட்டவர். மாமாவின் பெயருக்கு நேரே 'பணியிலிருந்து காணாமல்' என்று இருந்தது, அந்த ஒரே நாளில் அந்தப் பக்கம் முழுக்க அதே வரிதான், தட்டச்சு செய்தவர் களைத்துப்போய் ஓரிடத்தில் எழுத்தை மாற்றி அடித்திருக்கிறார். அப்புறம், இறந்தவர் கோப்பு என்று தனியாக ஒன்று உண்டு, அடக்கம் செய்யும் பிரிவு வைத்திருந்தது. பல் வரைபடம், அம்மா எழுதிய கடிதங்கள், ராணுவத்தின் பதில்கள் எல்லாம் அதில்தான்.

முக்கியமானது, திரும்பி வந்தவர்களின் வாக்குமூலம். 1953-இல் விடுதலையானவர்களைக் கப்பலில் ஊருக்குக் கூட்டி வரும்போதே, பசிபிக்கைக் கடக்கிற அந்த இரண்டு வாரமும் உட்கார வைத்து விசாரித்தார்கள். யார் யாரைப் பார்த்தாய், யார் எங்கே செத்தார், யார் புதைத்தது. கொரியாவில் பிடிபட்ட அமெரிக்கர்கள் 7,140 பேர், அதில் 2,701 பேர் சிறையிலேயே இறந்தார்கள். பெரும்பாலும் முதல் குளிர்காலத்தில், வயிற்றுப்போக்கிலும் நிமோனியாவிலும் பட்டினியிலும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1951 டிசம்பரில் எதிர்த்தரப்பு கொடுத்த கைதிகள் பட்டியலில் 3,198 அமெரிக்கர்கள் இருந்தார்கள். 'அந்தப் பட்டியலில் உங்கள் ஆள் இல்லையே' என்று சொன்னால் மடங்கிப்போகாதீர்கள். அது அன்றைக்கு உயிரோடு இருந்தவர்களின் பட்டியல். அதற்கு எட்டு மாதம் முன்னால் செத்தவர் அதில் எப்படி வருவார்?

வெய்ன் ஜான்சன் என்று ஒரு பதினெட்டு வயதுச் சிப்பாய், 1950 ஜூலையில் பிடிபட்டவர். செத்தவர்களின் பெயரை எல்லாம் கிடைத்த காகிதத் துண்டில் எழுதினார். ஒரு பிரதியைக் காவலர்கள் கண்டுபிடித்து அடித்து நொறுக்கினார்கள். இன்னொன்றைப் பற்பசைக் குழாய்க்குள் சுருட்டி ஊருக்குக் கொண்டுவந்தார். 496 பெயர். 1996-இல்தான் அவருக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கொடுத்தார்கள். எங்கள் மாமா அந்தப் பட்டியலில் இல்லை, அது வேறு கூட்டம். ஆனாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதைச் சொல்வேன், எந்த மாதிரிக் காகிதத்தைத் தேடுகிறோம் என்பது புரிவதற்காக.

எங்களுக்குத் திறப்பு கிடைத்தது ஒரு பிஸ்கட் டப்பாவில். சம்பந்தியம்மாவின் அம்மா, அதாவது அந்தப் பையனின் தங்கை, இன்னும் இருக்கிறார், தொண்ணூற்றிரண்டு வயது. "அம்மாவை ஏன் தொந்தரவு செய்வது என்று கேட்கவே இல்லை" என்றார் சம்பந்தியம்மா. கேட்டதும் பாட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுக்கச் சொன்னார். உள்ளே தன் அம்மாவுக்கு வந்த ஒரு பழைய கடிதம், காசோலை அனுப்பியதற்கான தாள். கொரியக் கைதிகளுக்கு, போதிய சாப்பாடு கொடுக்காததற்கும் கொடுமை செய்ததற்குமாக, சிறையில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் இரண்டரை டாலர் இழப்பீடு தர 1954-இல் சட்டம் வந்தது. கைதி இறந்திருந்தால் குடும்பத்துக்கு. தொகை 352 டாலர் 50 செண்ட். நான் கைப்பேசியில் இரண்டரையால் வகுத்தேன். 141. காணாமல் போன மறுநாள், டிசம்பர் 1-இலிருந்து 141 நாள் எண்ணினால் 1951 ஏப்ரல் 20. கூடவே சக கைதி ஒருவரின் உறுதிமொழி நகல், வட கொரியாவில் யாலு ஆற்றங்கரையில் இருந்த பியோக்டாங் கைதி முகாமில் மாமாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர் அவர், மாமா ஏப்ரலில் இறந்தார் என்று எழுதியிருந்தார். ஆக, அரசாங்கத்தின் ஒரு கை நாள் கணக்குப் போட்டு அவரைக் கைதி என்று ஒப்புக்கொண்டு பணமும் கொடுத்துவிட்டது, இன்னொரு கைக்கு அது தெரியவே தெரியாது. நினைவுக்கல்லுக்கு அதே குடும்பம் டிசம்பர் 31 என்று பொறித்தது ஏன் என்று கேட்டேன். "கல் செதுக்குகிறவன் அரசாங்கத் தாளைத்தானே கேட்டான்" என்றார் பாட்டி.

இன்னொரு சிக்கல், யார் கையெழுத்துப் போடுவது. பதக்கம் கேட்கும் உரிமை மறுமணம் செய்யாத மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பேரப்பிள்ளைகள் என்று போகும். கல்யாணம் ஆகாத பத்தொன்பது வயதுப் பையன்களுக்கு மிஞ்சியிருப்பது அக்கா தங்கை பிள்ளைகள்தான். நம் ஊரில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தால்தான் காது குத்தே நடக்கும், இங்கே படிவத்தில் அந்த உறவுக்குக் கட்டமே இல்லை. முதல் விண்ணப்பத்தில் சம்பந்தியம்மா தானே கையெழுத்துப் போட்டிருந்தார். எல்லா ஆதாரமும் இருந்தாலும் அது திரும்பித்தான் வந்திருக்கும். இரண்டாவதில் பாட்டி போட்டார். உங்கள் வீட்டில் உடன்பிறந்தவர் ஒருவர் உயிரோடு இருந்தால், இந்த வாரமே போய்ப் பாருங்கள், அடுத்த விடுமுறைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

அதே நேரம், கோப்பின் நகல் கேட்க ரத்த உறவே வேண்டாம். பணியை விட்டு 62 வருடம் ஆனால் பொது ஆவணம், கட்டணம் கட்டி யாரும் வாங்கலாம். படிவத்துக்குக் காசு கிடையாது. 'பதக்கம் வாங்கித் தருகிறோம்' என்று ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கிறவர்களிடம் சிக்காதீர்கள், என்னைப் போன்றவர்களிடம்கூட முதலில் விலையைக் கேளுங்கள். அசல் தாளை எங்கேயும் அனுப்பாதீர்கள். கடிதம் ஒரு பக்கம் போதும். அவர் எவ்வளவு நல்ல பையன் என்று எழுத வேண்டாம், பிடிபட்ட நாள், இடம், பார்த்த சாட்சி, எந்தத் தாளில் எந்த வரி, அவ்வளவுதான். மறுத்தால் ராணுவப் பதிவுத் திருத்த வாரியம் இருக்கிறது. பிழை தெரிந்த மூன்று வருடத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது விதி, நியாயம் கருதி அதைத் தளர்த்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அவர்களுடைய பழைய தீர்ப்புகள் பெயர் நீக்கி வெளியாகின்றன. உங்கள் கதையைப் போன்ற ஒன்றைத் தேடிப் படித்துவிட்டு எழுதினால் பாதி வேலை முடிந்தது.

பாட்டிக்குப் பதக்கம் தபாலில் வந்தது, பஞ்சு வைத்த உறையில். பிரித்துப் பார்த்தார், ரிப்பனைத் தடவினார், டப்பாவில் அந்தக் கடிதத்துக்கு மேலேயே வைத்து மூடினார். அப்புறம் என்னிடம், "தேதியை எப்போது மாற்றுவார்கள்?" என்றார். அதற்கு வேறு படிவம், வாரியத்துக்குப் போக வேண்டும். அதைத்தான் இந்த வாரம் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.