பருத்திமாரில் ஓடும் எஞ்சின்

பேரையூர், தே.கல்லுப்பட்டிக் கரிசல் காடுகளில் கடைசிப் பறிப்பு முடிந்ததும் பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திச் செடியின் தண்டுகளை, பிடுங்கிக் குவிப்பார்கள். கொஞ்சம் அடுப்புக்குப் போகும். மிச்சத்துக்குக் காட்டிலேயே தீ. மாரை எரிவாயுவாக்கி எஞ்சினை ஓட்டினால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ உலர்ந்த மார் போதும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் புகையைப் பார்க்கப் பொறுக்காது.

மாரைச் சூடாக்கினால் முதலில் ஈரம் வெளியேறும். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரப்பொருள் சிதைந்து, ஆவியும் தாரும் பிரிந்து, கரி மிஞ்சும். வெட்டவெளியில் இவை எல்லாம் எரிந்து போகின்றன. மாரை எரிவாயுவாக மாற்றும் வாயு உலையிலோ காற்றை வேண்டுமென்றே குறைக்கிறார்கள்: முழுதாக எரியத் தேவையானதில் ஏறத்தாழ கால் பங்குதான் உள்ளே விடப்படும். ஒரு பகுதி மட்டும் எரிந்து 1,000 டிகிரிக்கு மேல் வெப்பம் தரும். அதில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும், கீழே கனன்று கிடக்கும் கரியின் ஊடாகத்தான் வெளியேற முடியும். கரி அவற்றின் ஆக்சிஜனைப் பறிக்கிறது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கின்றன. எரிந்து தீர்ந்த வாயு மறுபடி எரிபொருளாகிவிடுகிறது! இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது நம் ஊர் பஸ்கள் கரிவாயுவில் ஓடியதும் இந்த வேதியியலால்தான்.

இந்த வாயுவில் ஏறக்குறைய பாதி நைட்ரஜன். இயற்கை எரிவாயுவோடு ஒப்பிட்டால் இதன் வெப்பம் ஏழில் ஒரு பங்குதான். சிலிண்டரில் அடைத்து விற்கக் கட்டுப்படியாகாது. உண்டான இடத்திலேயே எஞ்சினுக்குக் கொடுத்துவிட வேண்டும். எடை குறைந்து இடத்தை அடைக்கும் மாரையும் தொலைவுக்கு ஏற்றிச் செல்ல முடியாது. ஆகவே ஊருக்கு ஊர் சிறிய நிலையம் அமைப்பதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

பெரிய எதிரி தார். எஞ்சின் வால்வில் படிந்தால் வேலை நின்றுவிடும். அதனால்தான் வாயுவை மேல்நோக்கி விடாமல், கனலின் வழியே கீழ்நோக்கி இழுக்கிறார்கள். அந்த வெப்பத்தில் தாரின் பெரும்பகுதி உடைந்துவிடும். பிறகு தூசி நீக்கி, குளிரவைத்து, வடிகட்டுவார்கள். மாரில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உலையின் சூடு இறங்கி, தார் கூடிவிடும். துண்டு துண்டாக நறுக்கிக் காயவைப்பதில்தான் பாதி வெற்றி.

சோழவந்தான் பக்கத்துத் தேங்காய்ச் சிரட்டை இதற்கு மிகவும் ஏற்றது. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அதற்கு வேறு வடிவ உலை வேண்டும். வைக்கோல் மாட்டுக்கானது, அதைத் தொடக்கூடாது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொல்லும். எஞ்சின் கொட்டகைக்குச் சுவர் எழுப்பாமல் திறந்தே விட வேண்டும். கசிவைக் காட்டும் கருவியை முதல் நாளே பொருத்த வேண்டும்.