விண்மீனுக்குப் பட்டா கிடையாது

கடந்த மே மாதத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் நாங்கள் நடத்திய வான்நோக்கு நிகழ்ச்சிக்கு ஓர் இளம் தம்பதியர் வந்திருந்தனர். வரிசையில் பொறுமையாக நின்று, தங்கள் முறை வந்ததும், கணவர் துணிப்பையிலிருந்து கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு சான்றிதழை எடுத்து நீட்டினார். தங்க நிறப் பூ வேலைப்பாடு, சிவப்பு முத்திரை, நடுவே ஒரு குழந்தையின் பெயர், கீழே சில எண்கள். “சார், இது எங்க பாப்பாவோட நட்சத்திரம். இதைக் கொஞ்சம் காட்ட முடியுமா?” என்று கேட்டார். பணம் வாங்கிக்கொண்டு ஒரு விண்மீனுக்கு நாம் கேட்கும் பெயரை வைத்துவிட்டதாகச் சில கம்பெனிகள் தரும் சான்றிதழ் அது; அந்த ஆண்டில் என்னிடம் வந்தவற்றில் நான்காவது. முந்தைய மூன்றும் பிறந்தநாள் பரிசுகள். அவற்றைக் கொண்டு வந்தவர்களிடம் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லி அனுப்பிவிட்டேன். இந்தக் குழந்தை பதினொரு மாதமே வாழ்ந்தது என்பதை அவருடைய மனைவி அதன் பிறகுதான் சொன்னார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்களைக் கைப்பேசிச் செயலியில் இட்டுப் பார்த்தேன். வல ஏற்றம் 0 மணி 52 நிமிடம், நடுவரை விலக்கம் வடக்கு 61 பாகை; பூமியில் தீர்க்கரேகை, அட்சரேகை போல வானத்தில் ஓர் இடத்தைச் சொல்லும் எண்கள் இவை. காசியோப்பியா விண்மீன் கூட்டத்தில் இருக்கும் ஒரு மங்கலான புள்ளி. மே மாதத்தில் அந்தக் கூட்டம் நம் ஊரில் சூரியன் மறைவதற்கு முன்பே மேற்கே இறங்கிவிடும். மறுபடி எழுவது இரவு இரண்டு மணிக்கு மேல். நவம்பர் மாலையில்தான் வசதியாகப் பார்க்கலாம். வாங்கியவர் எந்த ஊரிலிருந்து, எந்த மாதத்தில் அதைப் பார்ப்பார் என்று விற்றவர் ஒரு நொடிகூட நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை, ஏனெனில் அவர் விற்றது ஒரு தாளை மட்டுமே.

மக்கள் மனத்தில் வேரூன்றியிருக்கும் தவறான எண்ணம் இதுதான்: எங்கோ ஓர் அலுவலகத்தில் விண்மீன்களுக்கான பதிவேடு இருக்கிறது, பணம் கட்டினால் அதில் நம் பெயரை ஏற்றுவார்கள், அதற்குப் பிறகு விஞ்ஞானிகள் அனைவரும் அந்த விண்மீனை அந்தப் பெயரால்தான் அழைப்பார்கள். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு அலுவலகம் இல்லை. விற்பவர் ‘பதிவேடு’ என்று சொல்வது அவரே அச்சிட்டு அவரே வைத்துக்கொள்ளும் ஒரு நோட்டுப் புத்தகம். அடுத்த தெருவில் இன்னொருவர் இன்னொரு நோட்டைத் திறந்து, அதே விண்மீனை வேறு ஒரு குழந்தையின் பெயரில் விற்கலாம். அவரைத் தடுக்க யாராலும் முடியாது. ஒரு சென்ட் நிலம் வாங்கினாலும் மூலப் பத்திரம் கேட்கிறோம், முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம், சார்பதிவாளர் அலுவலகத்தில் கால் கடுக்க நிற்கிறோம். அதே நாம், பல ஒளியாண்டு தொலைவில் எரிந்துகொண்டிருக்கும் ஒரு வாயுக் கோளத்துக்கு, மின்னஞ்சலில் வந்த ஒரு பட்டாவை நம்பிப் பணம் கட்டுகிறோம்! நிலவில் மனை விற்பவர்களும் இதே வகையினர்தான். விண்பொருள் எதையும் எந்த நாடும் தனதாக்கிக்கொள்ள முடியாது என்று 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் சொல்கிறது. நாட்டுக்கே இல்லாத உரிமையை ஒரு கம்பெனி எங்கிருந்து எடுத்து விற்கும்?

விண்பொருள்களின் பெயர்களை அறிவியல் உலகம் ஏற்பது பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் வழியாக. 1919இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு, விண்மீன் பெயர்களை ஒழுங்குபடுத்துவதற்கென்றே 2016இல் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு இதுவரை ஏற்றிருப்பவை சில நூறு பெயர்கள் மட்டுமே. பெரும்பாலும் உலகின் பல பண்பாடுகளில் காலங்காலமாக வழங்கிவரும் பெயர்கள். நம் பரணியும் ரேவதியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒன்றுக்கும் யாரும் ஒரு காசு கொடுக்கவில்லை. 2019இல் அந்த ஒன்றியம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனையும் அதைச் சுற்றும் கோளையும் ஒதுக்கிப் பெயர் வைக்கச் சொன்னபோது, இந்தியாவுக்கு வந்த விண்மீனுக்கு இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக ‘பிபா’ என்றும், கோளுக்கு ‘சாந்தமாசா’ என்றும் பெயர் வந்தது. அதுவும் போட்டியும் வாக்கெடுப்பும் வைத்துத்தான். பெயர் பெற்றவை போக மற்றவை ஏறத்தாழ எல்லாமே எண்கள். விண்மீன்களைக் கணக்கெடுக்க அனுப்பப்பட்ட கையா விண்கலம் பட்டியலிட்ட ஏறத்தாழ 180 கோடி விண்மீன்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வரிசை எண்ணைத் தவிர வேறு அடையாளம் இல்லை.

கண்டுபிடித்தவருக்கே பெயர் கிடையாது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கிய வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல், ஒளி கூடியும் குறைந்தும் மாறும் ஒரு விண்மீனைக் கண்டறிந்தார். இன்றும் வானியலாளர்கள் அதை ‘ஆர் ரெட்டிகுலி’ என்றுதான் அழைக்கிறார்கள். ரெட்டிகுலம் கூட்டத்தின் மாறொளிர் விண்மீன்களில் முதலாவது என்பதற்கு மேல் அந்தப் பெயருக்குப் பொருள் இல்லை. இரவிரவாகக் கண்விழித்து அதைக் கண்டுபிடித்தவரின் பெயர் அதில் எங்கும் இல்லை. அவருக்கே வைக்காத பெயரை, பணம் கட்ட வங்கி அட்டையைத் தேய்த்த நமக்கு யார் வைப்பார்கள்?

குறுங்கோள்களும் வால்மீன்களும் இதற்கு விலக்கு. வால்மீனுக்குக் கண்டுபிடித்தவர் பெயரையே சூட்டுவார்கள், குறுங்கோளுக்கு அவர் ஒரு பெயரைப் பரிந்துரைக்கலாம். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் 1988இல் கண்டறியப்பட்ட 4130ஆம் குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயர் இருக்கிறது. 4538ஆம் குறுங்கோள் நம் சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இவையும் விற்பனைக்கு வந்தவை அல்ல.

இன்னொரு ஏமாற்றத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தொலைநோக்கியில் பார்த்தால் விண்மீன் நிலவைப் போலப் பெரிதாகத் தெரியும் என்று எண்ணி வருகிறார்கள். தெரியாது. காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் பார்த்தாலும் அது புள்ளிதான்; புள்ளி இன்னும் ஒளியோடு இருக்கும், அவ்வளவே. அந்தச் சான்றிதழில் இருந்த விண்மீனின் பொலிவெண் 11. பொலிவெண் என்பது ஏற ஏற மங்கும் கணக்கு. அதற்கு இன்றைய அளவை வகுத்த வானியலாளர் நார்மன் பாக்சன் பின்னாளில் முப்பது ஆண்டுகள் நம் சென்னை நிலையத்தில்தான் இருந்தார். ஐந்து எண் கூடினால் ஒளி நூறில் ஒரு பங்காகிவிடும். மின்விளக்கே இல்லாத மலைக்காட்டில் வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லை ஏறத்தாழ 6 என்பதால், அந்தக் குழந்தையின் பெயரில் விற்கப்பட்டது கண்ணுக்குத் தெரியும் கடைசி விண்மீனைவிட நூறு மடங்கு மங்கலானது. வெறுங்கண்ணுக்குத் தெரிபவை வானம் முழுவதிலும் சுமார் 9,000தான். அவற்றை விற்றால் ஒரே மாதத்தில் சரக்குத் தீர்ந்துவிடும்.

ஆகவே, வாங்காதீர்கள். ‘நாசா அங்கீகாரம்’, ‘பன்னாட்டுப் பதிவு’ என்று விளம்பரத்தில் இருந்தால் அது பொய் என்றே கொள்ளுங்கள். பன்னாட்டு வானியல் ஒன்றியம் எந்தப் பெயரையும் விற்பதில்லை. நான் பார்த்த விளம்பரங்களில் எல்லாம் கடைசியில் பொடி எழுத்தில் ‘இது நினைவுப் பரிசு மட்டுமே’ என்று ஒரு வரி இருந்தது. சான்றிதழோடு என்னிடம் வந்தவர் எவரும் அதைப் படித்திருக்கவில்லை. ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்ததாக உணர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இறந்தவர் நினைவாக இத்தகைய சான்றிதழைப் பிறருக்குப் பரிசளிக்க நினைப்பவர்களிடம் மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொள்கிறேன்: தயவுசெய்து வேண்டாம். வாங்கிக்கொண்டவர் ஒருநாள் அதைத் தேடி வானத்தின் கீழ் வந்து நிற்பார். பக்கத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், நான்தான் இருப்பேன்.

பிள்ளைக்கு ஒரு விண்மீன் வேண்டும் என்றால், தமிழ் வீடுகளில் பிறந்த அன்றே ஒன்று வந்துவிடுகிறதே! பிறந்த நேரத்தில் நிலவு இருந்த வானப் பகுதியைச் சொல்வதுதான் ஜென்ம நட்சத்திரம். சோதிடப் பலன்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அது ஓர் எளிய வான வரைபடம். ரோகிணி சிவந்து தெரியும். திருவாதிரை, வேட்டைக்காரன் எனப்படும் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் தோளில் இருக்கும். கேட்டை விருச்சிகத்தின் நடுவே நிற்கும். சித்திரையையும் சுவாதியையும் கோடை இரவுகளில் நகரத்து மாடியிலிருந்தே காட்டிவிடலாம். (ரேவதிக்காரர்கள் மன்னிக்கவும், அது மங்கல், கிராமத்துக்குப் போய்விடுங்கள்.) வயதைக் கொண்டும் தேர்ந்தெடுக்கலாம். இன்று நாம் காணும் திருவோணத்தின் ஒளி ஏறத்தாழ 17 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது, சுவாதியின் ஒளி 37 ஆண்டுகளுக்கு முன். பள்ளி முடிக்கும் மகளிடம், நீ பிறந்த ஆண்டில் கிளம்பிய ஒளி இது என்று திருவோணத்தைக் காட்டுவதற்குச் சான்றிதழ் தேவையில்லை. மீதமாகும் பணத்தில் ஒரு நல்ல இருகண்நோக்கி வாங்குங்கள்.

அன்றிரவு அந்தத் தாய் என்னிடம் கேட்டது வேறு. “செத்துப்போனவங்க நட்சத்திரமாகிடுவாங்கன்னு சொல்றாங்களே, அது பொய்யா சார்?” ஆறுதல் சொல்வதில் எனக்குத் திறமை கிடையாது. அறிவியல் காட்டும் வரிசை தலைகீழானது என்று மட்டும் சொன்னேன்: நம் எலும்பின் சுண்ணாம்பும் இரத்தத்தின் இரும்பும் விண்மீன்களின் உள்ளேயும் அவை வெடித்தபோதும் உருவானவை; 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியனும் பூமியும் திரண்டபோது அந்தத் துகள்கள் ஏற்கெனவே அங்கே இருந்தன; உயிர் என்று ஒன்று தோன்றியது அதன் பிறகுதான். அவர் தலையசைத்தார். அது போதவில்லை என்று தெரிந்தது.

பாப்பா எப்போது பிறந்தாள் என்று கேட்டேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரியில். மனத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டு, தொலைநோக்கியைத் தெற்கே திருப்பினேன். மே மாத இரவில் அடிவானத்துக்கு மேல், நீட்டிய கையின் ஒரு சாண் உயரத்தில், ஆல்ஃபா சென்டாரி என்ற விண்மீன் நன்றாகத் தெரியும். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அது தொலைநோக்கியில் இரண்டாகப் பிரியும்; ஒன்றையொன்று சுற்றும் இரட்டை. அதன் ஒளி நம்மை அடைய நான்கு ஆண்டும் நான்கு மாதமும் ஆகும். பாப்பா பிறந்த வாரத்தில் அங்கிருந்து கிளம்பிய ஒளி ஏறக்குறைய இன்றுதான் இங்கே வந்து சேர்கிறது என்று சொன்னேன்.

எங்கள் தொலைநோக்கியில் மோட்டார் இல்லை. பூமி சுழல்வதால் விண்மீன் மெல்ல நகர்ந்து காட்சியின் ஓரத்துக்குப் போய்விடும்; யாராவது குழாயை ஒரு நூல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஏனோ அவசரப்படுத்தவில்லை. அந்தத் தாய் கண்ணை எடுக்கும்வரை நான் தள்ளிக்கொண்டே நின்றேன்.