மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள்

மறதி நோய் வந்த பெரியம்மாவுக்கு முதியோர் இல்லம் பார்க்கப் போனபோது காலை பதினோரு மணி. காட்பாடிப் பக்கம் ஒரு தனி வீடு, மொத்தம் ஒன்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் குளித்து, தலை வாரி, வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தரை ஈரம் காயாமல் பளிச்சென்று இருந்தது. சமையலறையில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பதிவுச் சான்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நான் பதினெட்டு வருடமாக முதியோர் பராமரிப்பில் இருக்கும் நர்ஸ். மறதி நோய் வந்தவர்களின் வீடுகளுக்குப் போய், எப்படிப் பார்த்துக்கொள்வது என்று குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. அந்த வராந்தாவில் நின்றபடியே மஸ்கட்டில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டு, "நல்ல இடம்ணா, தைரியமா சேர்க்கலாம்" என்றேன்.

ஐந்தாவது வாரம் பெரியம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மே மாதம். எங்கள் பெயர் மறந்துபோயிருந்தாலும் முகம் பார்த்துச் சிரிக்கிறவர், ஒரே ராத்திரியில் ஆளே மாறிப்போனார். போர்வையைப் பிடித்துப் பிடித்து இழுத்தார். சுவரோரம் யாரோ நிற்பதாகச் சொல்லி அரற்றினார். நாக்கு காய்ந்து வெடித்திருந்தது. உடம்பில் நீர் வற்றியிருந்தது, சிறுநீரில் தொற்று. மறதி நோய் ஒரே நாளில் இப்படி முற்றாது. திடீரென்று குழப்பம் கூடினால் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், சோடியம் இறங்கியது, புதிதாகக் கொடுத்த மாத்திரை என்று உடம்பில் ஏதோ காரணம் இருக்கும். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது.

அப்புறம் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அங்கே நாலு மணிக்கு மேல் யாருக்கும் தண்ணீர் கொடுப்பதில்லை. கொடுத்தால் இரவில் படுக்கை நனையும். இரவுப் பணிக்கு இருந்தது ஒரே ஒரு பெண். ஒன்பது பேருக்குத் துணி மாற்றி, விழாமல் பார்த்து, எழுந்து நடப்பவரை மறுபடி படுக்க வைப்பதென்றால் ஒருத்தியால் எப்படி முடியும்? அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரவில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்று கேட்காமல் வந்த என் மேல்தான் வந்தது. காலை பதினோரு மணிக்கு எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். இதை நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பெரியம்மாவுக்கென்று வந்தபோது செய்யவில்லை.

அதனால்தான் இப்போது என்னிடம் கேட்கும் ஒவ்வொருவருக்கும் முதலில் இதைச் சொல்கிறேன்: மாலை ஐந்து மணிக்குப் போங்கள். சொல்லாமல் போங்கள். ஏழரை, எட்டு வரை இருங்கள். இருக்கக் கூடாது என்று சொல்லும் இடம் வேண்டாம்.

மறதி நோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும்போதுதான் அலைக்கழிப்பு தொடங்கும். வெளிச்சம் குறையும், நிழல் நீளும், நாள் முழுக்க இருந்த களைப்பு சேரும். "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவார்கள். சொந்த வீட்டில் இருந்தாலும் இதையே சொல்வார்கள். அந்த வார்த்தைக்கு அங்கே வேலை செய்பவர் என்ன பதில் சொல்கிறார் என்று கேட்டாலே அந்த இல்லத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

ஒரு இடத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எண்பது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பாட்டி, புடவை இரண்டைச் சுருட்டி மூட்டையாக இடுக்கிக்கொண்டு கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். "வூட்டுக்குப் போவணும், மாடு கட்டணும், பொழுது போச்சு." வேலை செய்யும் பெண் வந்தார். உட்கார் என்று அதட்டவில்லை. "உனக்கேது மாடு, எல்லாம் வித்தாச்சு" என்று திருத்தவும் இல்லை. "எந்த மாடு ஆயா, செவலையா?" என்று கேட்டார். (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்.) "செவலையும் கன்னுக்குட்டியும்." "சரி, போய்த் தண்ணி காட்டிட்டு வரலாம். அதுக்கு முன்னாடி நீ ஒரு வாய் குடி." சொம்பை நீட்டினார். பாட்டி நின்ற இடத்திலேயே முழுச் சொம்பையும் குடித்துவிட்டார். இரண்டு பேரும் கைகோத்து காம்பவுண்டைச் சுற்றி இரண்டு நடை நடந்தார்கள். இரண்டாவது சுற்றில் மூட்டை அந்தப் பெண்ணின் கைக்கு மாறியிருந்தது. அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து இருவரும் முருங்கைக்கீரை உருவினார்கள். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம்தான் ஆகியிருக்கும். அந்த வீட்டில் டைல்ஸ் உடைந்திருந்தது, சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. என் அம்மாவாக இருந்தால் அங்கே தயங்காமல் விடுவேன்.

அந்த இருபது நிமிடம் செலவழிக்க ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் அந்தக் குறையை மூன்று விதத்தில் மூடிவிடுவார்கள். ஒன்று, மேலே சொன்னபடி தண்ணீரைக் குறைப்பது. இன்னொன்று மாத்திரை. மற்றொன்று கட்டு.

மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஐந்து மணிக்குப் போகும்போது எல்லோரும் தலை தொங்கி, வாயோரம் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தால் கேளுங்கள். ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் சில சமயம் தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனால் மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இவை இறப்பு அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லும், ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கு 2008-லும் எச்சரித்திருக்கிறது. லூயி பாடி என்ற வகை மறதி நோய் இருப்பவருக்கு ஹாலோபெரிடால் போட்டால் உடம்பு மரக்கட்டை போல இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். யார் எழுதிக் கொடுத்தது, எதற்காக, எப்போது நிறுத்திப் பார்ப்பதாகச் சொன்னார் என்ற மூன்று கேள்விக்கும் நோட்டில் பதில் இருக்க வேண்டும். "டாக்டர் சொன்னார்" என்றால் எந்த டாக்டர், எந்தத் தேதி? சாதாரண சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின்கூட இவர்களுக்குக் குழப்பத்தை அதிகமாக்கும். கையில் கிடைத்த மாத்திரையைப் போடும் இடமா, கேட்டுவிட்டுப் போடும் இடமா என்று பாருங்கள்.

கட்டு என்றால் கயிறாகத்தான் இருக்கும் என்றில்லை. நாற்காலியோடு சேர்த்து இடுப்பில் சுற்றிய துண்டும் கட்டுதான். எழுந்திருக்க முடியாதபடி முன்னால் இழுத்துப் போட்ட மேசையும் அப்படித்தான். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடுக்கிறது. மனநல நிலையங்களில், உடனே நேரப்போகும் ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பில் இருக்கும் மனநல மருத்துவர் அனுமதித்தால்தான் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த ஒரு வரியை எழுதியவர்களுக்கு நான் மனதாரக் கும்பிடு போடுகிறேன். ஏர்வாடியை நினைத்துக்கொண்டே இன்னொன்றும் கேளுங்கள்: இரவில் கிரில் கதவைப் பூட்டினால் சாவி யாரிடம், எங்கே இருக்கும்? கேட்டவுடன் எடுத்துக் காட்டினால் சரி. தேடினால் சரியில்லை.

மொழியைப் பற்றி யாருமே கேட்பதில்லை. நம் வடாற்காட்டில் கேட்டே ஆக வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் எத்தனையோ வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் உருது. மறதி முற்ற முற்ற, பின்னால் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி மட்டும் நிற்பதைப் பலரிடம் பார்க்கிறேன். ஒரு தாத்தா ஐம்பது வருடம் தமிழில் வியாபாரம் செய்தவர். இல்லத்தில் "நீள்ளு, நீள்ளு" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். தெலுங்கில் தண்ணீர். பார்த்துக்கொண்டிருந்தது ஒடிசாவிலிருந்து வந்த பெண், அவருக்குத் தமிழே நாலு மாதப் பழக்கம். தாத்தா கடைசியில் டம்ளரைத் தூக்கி வீசிவிட்டார். நோட்டில் "ஆக்ரோஷம்" என்று எழுதி மாத்திரை கொடுத்திருந்தார்கள். நான் அந்தப் பெண்ணுக்கு ஒரு தாளில் பத்து தெலுங்குச் சொற்களை தன் மொழி எழுத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். தண்ணீர், பசி, வலி, ஒன்றுக்கு, குளிர், வீடு, இப்படி. அதற்கப்புறம் டம்ளர் பறக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டைக் கட்டாயம் பாருங்கள். நிமிர உட்கார வைத்து ஊட்டுகிறார்களா, முந்தின வாயை விழுங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடுக்கிறார்களா, சாப்பிட்டதும் அரை மணி நேரமாவது உட்கார விடுகிறார்களா? படுத்தபடி ஊட்டினால் சோறு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும். இந்த நோயில் பல நேரம் உயிரை எடுப்பது அதுதான். சாப்பிடும்போது இருமுவதும், சாப்பிட்டபின் குரல் கரகரப்பதும் அதற்கு அடையாளம். மாதம் ஒரு முறை எடை எழுதும் நோட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இட்லியைத் துப்பிவிடுகிற எத்தனையோ பேர் கேழ்வரகுக் கூழைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். அதைச் செய்து தருவதற்குச் சமையல்காரருக்கு மனசு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கழிப்பறையில் கைப்பிடி, வழுக்காத தரை, இரவு முழுக்க ஒரு விளக்கு, உள்பக்கம் போட்டுக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க முடிகிற தாழ்ப்பாள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு எத்தனை டயப்பர் மாற்றுகிறார்கள் என்று கேட்டுவிட்டு, அலமாரியில் எத்தனை இருக்கிறது என்றும் பாருங்கள், கணக்கு சரியாக வர வேண்டும். பதிவைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். முன்பணம் திரும்ப வருமா, நடுராத்திரி ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏடிஎம் அட்டையை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். எதிலும் கைநாட்டு வாங்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். கொடுமை நடக்கிறது என்று தோன்றினால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

இத்தனையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் சேர்ப்பதே தப்பா சிஸ்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. தப்பில்லை. 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. வீட்டில் ஒரே மகளோ மருமகளோ வருடக்கணக்கில் தூங்காமல் பார்ப்பதை நான் தினமும் பார்க்கிறேன். நம் ஊரில் நோயாளியோடு சொந்தக்காரர் கூடவே தங்குவது ஊறிப்போன வழக்கம். வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையத்தில் அறுபது வருடத்துக்கு மேலாகக் குடும்பத்தில் ஒருவரைக் கூடத் தங்க வைத்துத்தான் சிகிச்சை. அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, இல்லத்தில் விட்டால் ஊர் என்ன சொல்லும் என்று பலர் கூசுகிறார்கள். கூசிப்போய் ரகசியமாகச் சேர்க்கிறார்கள், அப்புறம் போய்ப் பார்க்கவும் கூசுகிறார்கள். எனக்குப் பயம் அதில்தான். யாரும் வராத ஆளுக்குத்தான் தண்ணீர் முதலில் குறையும்.

"பழகட்டும், ஒரு மாதம் வராதீங்க" என்று எந்த இல்லமாவது சொன்னால் கேட்காதீர்கள். முதல் இரண்டு வாரம் அடிக்கடி போங்கள், ஒவ்வொரு நாளும் வேறு நேரத்தில். குதிகாலையும் முதுகுத்தண்டின் அடியையும் துணி விலக்கிப் பாருங்கள், படுக்கைப் புண் முதலில் அங்கே சிவக்கும். எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், காபியில் எவ்வளவு சர்க்கரை, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார் என்று ஒரு பக்கம் எழுதி, கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள்.

பெரியம்மா இப்போது வேறொரு இடத்தில் இருக்கிறார். ஏழு பேருக்கு இரவில் இரண்டு பேர். அவர் கட்டிலுக்கு மேலே காலண்டர் தாள் ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு டம்ளர் தண்ணீருக்கும் அதில் பேனாவால் ஒரு கோடு போடுகிறார்கள். நேற்று மாலை நான் போனபோது ஆறு கோடு இருந்தது. டம்ளரை வாயில் வைத்தேன், மெதுவாகக் குடித்து முடித்தார். ஏழாவதை நான் போட்டேன்.