பாதீடு: ஒரு சொல் விளக்கம்

பட்ஜெட் என்ற சொல்லின் வேர் ஒரு தோற்பை. லத்தீனில் 'புல்கா' என்றால் தோற்பை. அதிலிருந்து பிரெஞ்சு மொழியில் சிறு பைக்குப் பெயர் வந்தது. அது ஆங்கிலத்துக்குப் போய், பைக்குள் இருந்த கணக்குக்கே பெயராகிவிட்டது. தமிழ்நாட்டில் இதனை நிதிநிலை அறிக்கை என்கிறார்கள். இலங்கையில், எங்கள் அரச ஆவணங்களில் வரவு செலவுத் திட்டம். இரண்டும் பிழையில்லாத சொற்கள். ஆனாலும் இலங்கைப் பத்திரிகைகள் எழுதும் 'பாதீடு' என்ற சொல்லுக்கே என் வாக்கு.

'பகுத்து' என்பது 'பாத்து' என்றும் வரும். வள்ளுவர் சொல்லும் பாத்தூண், பகுத்து உண்ணும் உணவு. பாது என்றால் பங்கு. அதனை இடுவது பாதீடு. பகைவரின் ஆநிரையைக் கவர்வதைப் பாடும் வெட்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் இதனைச் சொல்கிறது: கவர்ந்து வந்த ஆநிரையைப் பங்கிட்டுக் கொடுத்தல். யாருக்கெல்லாம் பங்கு என்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை விரித்துக் காட்டுகிறது. வாளெடுத்துப் போரிட்டவருக்கு மட்டுமல்ல. ஒற்றறிந்து சொன்னவருக்கும், நிமித்தம் பார்த்துச் சொன்னவருக்கும் உண்டு. கண்ணில் படாத வேலைக்கும் பங்கு வைப்பதுதான் பாதீடு.

மட்டக்களப்பு வயல்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல. வாய்க்காலையும் தண்ணீர் முறையையும் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானைக்கு, அறுவடை முடிந்ததும் ஏக்கர் கணக்கில் நெல் அளந்து கொடுப்பார்கள். அந்த வயலில் அவர் விதைக்கவுமில்லை, வெட்டவுமில்லை. ஆனால் அவர் பங்கை யாரும் மிச்சம் பிடித்ததில்லை.

இப்போது மிச்சம் பிடிப்பது அந்தப் பங்கில்தான். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசாங்கம் அறிவித்த பிறகு, செலவுக் குறைப்பு என்ற சொல் ஊர்ச் சபைகள் வரை வந்தது. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் நிறுத்த முடியாது. எனவே பராமரிப்பில் கை வைப்பார்கள். கேட்பதற்குச் சபையில் தெரிவான உறுப்பினரும் இல்லாமல் போயிற்று: 2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்ற காரணத்தோடு தள்ளிப்போய் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது.

எங்கள் தெரு வடிகானைச் சொல்கிறேன். மாரிக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு தொழிலாளர்கள் மண்வெட்டியோடு வருவார்கள். சேற்றை அள்ளிக் கரையில் குவிப்பார்கள். மறுநாள் உழவு இயந்திரம் வந்து ஏற்றிப் போகும். ஓர் ஆண்டு அவர்கள் வரவில்லை. ஆள் பிடிக்கக் காசில்லை என்றார்கள். அடுத்த ஆண்டும் வரவில்லை. வடிகானுக்குள் புல் முளைத்தது. வழியில்லாத மழைத்தண்ணீர் வீதியில் ஏறி நின்றது. தார் விளிம்பு பிட்டைப் போல உதிர்ந்தது. மூன்றாவது மாரியில் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகியது. இரண்டு பேருடைய சில நாள் கூலியை மிச்சம் பிடித்ததன் கணக்கு இது. வீட்டுக்கும் காணிக்கும் சபைக்குக் கட்டும் சோலைவரி மட்டும் ஒரு ரூபாயும் குறையவில்லை.

'பட்ஜெட் வெட்டு' என்பதற்குப் பாதீட்டுக் குறைப்பு என்றே எழுதலாம். ஆனால் பராமரிப்புக் காசை நிறுத்துவதைக் குறைப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அது கடன், கேட்டுப் பெறாத கடன், வட்டியோடு வளரும் கடன். எங்கள் கணக்கியல் தமிழில் இதற்குப் பக்கத்திலேயே ஓர் அருமையான சொல் இருக்கிறது: மீண்டெழும் செலவு. ஆண்டுதோறும் திரும்ப வரும் செலவு என்பது பொருள். வடிகான் துப்புரவு அந்தத் தலைப்பில்தான் வரும். அங்கே வெட்டினால், அது மூலதனச் செலவு என்ற அடுத்த தலைப்பில் பல மடங்காக எழுந்து வரும்.

எங்கள் வீதியைக் கிரவல் கொட்டி, மட்டம் உயர்த்தி, புதிதாகத் தார் போட வேண்டும் என்று அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வடிகானை யாரும் அளக்கவில்லை.