'எஸ்பேரா'வா, 'எஸ்பேரே'வா? ஸ்பானிஷில் ஒருவரை ஏவும் முன்

ஓசூரில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வண்டி, உதிரிபாகம், மாங்கூழ், ரோஜா என்று ஏதோ ஒன்றை வெளிநாட்டுக்கு அனுப்பும் இடங்களில் வேலை பார்க்கிறவர்கள். இலக்கணத்தில் தேர்ச்சி பெறுவதை விட, போனில் எதிர்முனையில் இருப்பவர் மனம் கோணாமல் பேசுவதுதான் அவர்களுக்கு முக்கியம்.

போன மாதம் காவேரிப்பட்டணத்துப் பையன் ஒருவன் முகம் வாடி வந்து உட்கார்ந்தான். சர்வீஸ் பிரிவில் இருக்கிறான். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் உள்ள வயதான டீலர் ஒருவர் ஏதோ விவரம் கேட்க, ஃபைலைத் தேடிக்கொண்டே, "எஸ்பேரா, போர் ஃபாவோர்" என்றிருக்கிறான். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "உங்கள் மேலாளரிடம் பேசலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் ப்ளீஸ் எல்லாம் சொன்னேனுங்க மேடம்."

சொன்னான்தான். ஆனால் அவர் காதில் விழுந்தது, "தயவுசெய்து, கொஞ்சம் இரு." தாத்தா வயதுக்காரரிடம் 'இரு' என்று சொல்லிவிட்டு அதற்கு முன்னும் பின்னும் எத்தனை தயவுசெய்து சேர்த்தாலும் அது 'இருங்கள்' ஆகிவிடுமா?

அந்தச் சொல் அவனுக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். மொழிபெயர்ப்பு ஆப்பில் 'வெயிட்' என்று தட்டியிருக்கிறான். கோளாறு அங்கேதான். அவன் மனதில் இருந்தது 'இருங்க'. ஆங்கிலத்தில் 'இரு'வும் 'இருங்க'வும் ஒரே 'வெயிட்'. தமிழில் இருந்த மரியாதை ஆங்கிலத்தைக் கடக்கும்போதே உதிர்ந்துவிட்டது. ஆப் மிச்சத்தைத்தான் ஸ்பானிஷுக்குக் கொண்டுபோயிற்று. நமக்கும் ஸ்பானிஷ்காரர்களுக்கும் பொதுவாக இருக்கும் நீ–நீங்கள் வேறுபாட்டை, அது இல்லாத ஒரு மொழியின் வழியாகப் படித்து ஏன் தொலைக்க வேண்டும்? தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

காத்திருப்பதற்கு 'எஸ்பெரார்' என்று சொல். கடைசி 'ர்' உதிர்ந்தால் 'எஸ்பேரா': நீ இரு. அந்த 'ஆ'வை 'ஏ' ஆக்கினால் 'எஸ்பேரே': நீங்கள் இருங்கள். இதைக் கேட்டதும் வகுப்பில் எல்லோரும் 'ஏ போட்டால் மரியாதை' என்று எழுதிக்கொள்கிறார்கள். அதை அடித்துவிடச் சொல்வேன். 'எர்', 'இர்' என்று முடியும் வினைகளில் கதை தலைகீழ். சாப்பிடுவதற்கு 'கோமெர்'. 'கோமே' என்றால் சாப்பிடு, 'கோமா' என்றால் சாப்பிடுங்கள். எழுதுவதற்கு 'எஸ்க்ரிபிர்'. 'எஸ்க்ரீபே' என்றால் எழுது, 'எஸ்க்ரீபா' என்றால் எழுதுங்கள். மரியாதை 'ஏ'யிலும் இல்லை, 'ஆ'விலும் இல்லை. அந்த வினைக்குப் பழக்கமான உயிரை விட்டு அடுத்ததற்கு மாறுவதில் இருக்கிறது.

ஏன் இப்படி? பள்ளியில் படித்த வியங்கோளை நினைத்துக்கொள்ளுங்கள். 'வா' ஏவல், 'வருக' வியங்கோள். ஸ்பானிஷ் மரியாதைக்காரரை ஏவுவதில்லை. அவர் செய்யட்டும் என்று விரும்புகிறது. 'நீங்கள்' என்பதற்கான மரியாதைச் சொல்லான 'உஸ்தெத்'தே, 'தங்கள் கருணை' என்ற பொருளில் இருந்த ஒரு பழைய விளி தேய்ந்து வந்ததுதான். எதிரே நிற்பவரைப் படர்க்கையில் வைத்து, 'தங்கள் கருணை காத்திருக்கட்டும்' என்கிற தோரணை. மெக்சிகோவில் செப்டம்பர் 15 இரவு குடியரசுத் தலைவர் தேசிய மாளிகை மாடத்தில் நின்று 'வீவா மெஹிகோ' என்று முழங்குவது வழக்கம். 'வீவிர்' என்றால் வாழ்தல். 'வீவா' நம்முடைய 'வாழ்க'வேதான். அது 'வீவே' ஆகியிருந்தால் 'வாழு' என்று யாரையோ ஏவியதாகியிருக்கும்.

அடுத்த பள்ளம் நம் ஊருக்கே உரியது. தமிழில் ஒருவருக்கும் 'வாங்க', பத்துப் பேருக்கும் 'வாங்க'. ஓசூரில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. தெலுங்கில் 'ரண்டி', கன்னடத்தில் 'பன்னி', அங்கும் பன்மைதான் மரியாதை. அதனால் மூன்று மொழிக்காரர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள். ஒற்றை மனிதரிடம் 'எஸ்பேரென்' என்கிறார்கள். ஸ்பானிஷில் அது பலருக்கு மட்டும். போனில் ஒருவரிடம் அப்படிச் சொன்னால் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்ப்பார். ஒருவருக்கு 'ன்' வேண்டாம். உயிரை மட்டும் மாற்றினால் போதும்.

ஸ்பெயினில் நெருக்கமான பலரிடம் 'எஸ்பெராத்' என்பார்கள். லத்தீன் அமெரிக்காவில் அது பேச்சில் வராது. அர்ஜென்டினாவில் நண்பனிடம் சொல்லும் 'எஸ்பெரா'வில் கடைசி எழுத்தை அழுத்துவார்கள். ஒழுங்குக்கு அடங்காத வினைகளும் சில உண்டு. இவையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: ஸ்பெயினில் கடைக்காரரே முன்பின் தெரியாதவரை 'நீ' போட்டுப் பேசுவது சகஜம், பொகோட்டாவில் வீட்டுக்குள்ளேயே 'உஸ்தெத்' போடுகிறவர்கள் உண்டு. யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாதபோது மரியாதை வடிவத்தில் தொடங்குங்கள். 'நீ என்றே சொல்' என்று அவர்களே சொல்லட்டும்.

'எனக்காக', 'அதை' போன்ற சொற்கள் ஏவலின் வாலில் ஒட்டிக்கொள்ளும். 'எஸ்பேரே'யோடு 'மே' சேர்ந்தால் 'எஸ்பேரெமே': எனக்காகக் கொஞ்சம் இருங்கள். வால் நீண்டாலும் அழுத்தம் பழைய 'பே'யிலேயே நிற்க வேண்டும். அதைக் காட்டத்தான் எழுதும்போது அந்த உயிரின் மேல் சிறு கோடு போடுகிறார்கள். இந்த ஒரு சொல்லை அந்தப் பையனை நாற்பது தடவை சொல்ல வைத்தேன்.

போன வாரம் அதே டீலரோடு பேசியிருக்கிறான். "எஸ்பேரெமே உன் மொமெந்தோ, செஞோர்", அதாவது 'ஒரு நிமிடம் இருங்கள், ஐயா' என்று சொல்லிவிட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால், பெரியவர் லைனிலேயே இருந்திருக்கிறார். "தீகமே" என்றாராம். சொல்லுங்கள் என்று அர்த்தம். இருபத்து மூன்று வயதுப் பையனிடம், அவரும் உஸ்தெத்தில்.